ஒரு கோரைப்பல், மூன்று பெயர்கள்: பல் அளவை வைத்துப் பாலினம் சொல்வது பற்றிய நிகழ்வு ஆய்வு

தடயப் பல் மருத்துவம் பயில வருபவர்களுக்காக அமைத்த நிகழ்வு இது. இதில் வரும் மூன்று பிள்ளைகளும் கற்பனை. தாடையின் அளவுகளும் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக வைத்தவை. அளக்கும் முறையும், கணக்கு நடக்கும் விதமும், சறுக்கும் இடங்களும் மட்டும் நடைமுறையில் இருப்பவை. பல்லின் அளவை வைத்து "ஆண்", "பெண்" என்று ஒற்றைச் சொல்லில் அறிக்கை எழுதினால், தேடப்படும் ஒருவரின் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போகும். அது எப்படி நடக்கிறது என்று காட்டத்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

வந்து சேர்ந்தது

நீர் வற்றிய படுகை ஒன்றில் மண் அள்ளும்போது ஒரு கீழ்த்தாடை கிடைக்கிறது. மண்டையோடும் இடுப்பெலும்பும் இல்லை. சுற்றிலும் சலித்துப் பார்த்ததில் உதிர்ந்த பற்கள் சில கிடைக்கின்றன, அவ்வளவுதான். தாடையில் இரண்டு கோரைப்பற்களும், இரு பக்க முதல் கடைவாய்ப்பற்களும், இரண்டாம் கடைவாய்ப்பற்களும் இருக்கின்றன. வெட்டுப்பற்கள் விழுந்துவிட்டன. இது வழக்கமாக நடப்பதுதான். ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள், ஈறும் நாரும் அழுகியதும் குழியிலிருந்து எளிதாகக் கழன்றுவிடும். அவற்றில் கோரைப்பல்லுக்கு மட்டும் வேர் நீளமானது, அதனால் பல நேரங்களில் தங்கிவிடுகிறது.

காவல்துறை அனுப்பிய பட்டியலில் மூன்று பெயர்கள்: 14 வயதுப் பையன் ஒருவன், 14 மற்றும் 15 வயதுப் பெண் பிள்ளைகள் இருவர். மூவரும் வெவ்வேறு நாட்களில் காணாமல் போனவர்கள். விசாரணை அதிகாரி கேட்பது ஒரே கேள்வி: "இது பையனா, பொண்ணா? அதைச் சொன்னா பாதி வேலை முடிஞ்சிடும்."

வளர்ந்தவரின் முழு எலும்புக்கூடு கிடைத்திருந்தால் இந்தக் கேள்வி இவ்வளவு சிக்கலாகாது. இடுப்பெலும்பு மட்டும் இருந்தாலே பயிற்சி பெற்ற கண்கள் நூற்றுக்கு 95 அளவில் சரியாகச் சொல்லும். பதின்ம வயதின் தொடக்கத்தில் அந்த வசதி கிடையாது. இடுப்பின் அகலமும், புருவ மேடும், முகவாயின் சதுரமும், தாடைக் கோணத்தின் புடைப்பும் பருவமடைந்த பிறகு வருடக்கணக்கில் மெல்லத் தெளிவாகிறவை. 14 வயதுத் தாடையின் வடிவத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது ஊகம்தான்.

பல் இங்கேதான் உதவிக்கு வருகிறது. நிரந்தரக் கோரைப்பல்லின் மேற்பகுதி, அதாவது எனாமல் மூடிய முடிப்பகுதி, ஏறத்தாழ 6, 7 வயதுக்குள் எலும்புக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும். அதன்பின் அது வளர்வதில்லை. தேயலாம், உடையலாம், அகலம் மட்டும் கூடாது. ஆகவே 14 வயதுப் பிள்ளையின் கோரைப்பல்லும் 40 வயதுக்காரரின் கோரைப்பல்லும் அகலத்தில் ஒரே தராசில் வைக்கக்கூடியவை. எலும்புகள் வாய் திறக்காத வயதில் ஆண், பெண் வேறுபாட்டின் சாயலைத் தாங்கி நிற்கும் அரிதான உறுப்பு இது.

ஏன் ஆண்களின் பல் பெரியது

பெரிதாக இருப்பது கொஞ்சம்தான். மனிதப் பற்களிலேயே இந்த வேறுபாடு அதிகம் தெரிவது கீழ்த்தாடைக் கோரைப்பல்லில். அதிலும் ஆண்களின் சராசரி அகலம் பெண்களுடையதைவிட ஏறத்தாழ 6 சதவீதம்தான் கூடுதல். கொரில்லாவின் கோரைப்பல்லை நினைத்துக்கொண்டு மனிதப் பல்லை அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும்.

காரணம் குரோமோசோம்களில் இருக்கிறது. பின்லாந்து ஆய்வாளர் லாஸ்ஸி ஆல்வெசாலோ, வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் பால் குரோமோசோம்கள் உள்ளவர்களின் பற்களை வருடக்கணக்கில் அளந்தார். ஒரு எக்ஸ் குரோமோசோம் மட்டும் உள்ள பெண்களின் பற்கள் சிறியவை, எனாமல் மெல்லியது. கூடுதலாக ஒரு ஒய் உள்ள ஆண்களின் பற்கள் மற்ற ஆண்களுடையதைவிடப் பெரியவை. எக்ஸ் பெரும்பாலும் எனாமலின் தடிமனைக் கூட்டுகிறது. ஒய் எனாமலோடு, அதற்கு அடியில் இருக்கும் பல் திசுவான டென்டினையும் சேர்த்துக் கூட்டுகிறது. ஆணின் பல் பெரிதாக இருப்பதற்கு உள்ளே இருக்கும் டென்டின்தான் முதன்மைக் காரணம் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. பல்லின் அளவுக்கும் பாலினத்துக்கும் உள்ள தொடர்பு உண்மையானது, உயிரியல் காரணம் உள்ளது. அது வலுவானதா என்பதுதான் கேள்வி.

வயது முதலில்

பாலினத்துக்கு முன் வயதைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் வேர்நுனி கிட்டத்தட்ட மூடும் தறுவாயில் இருக்கிறது. ஞானப்பல்லின் முடிப்பகுதி முழுமையடைந்து வேர் தொடங்கியிருக்கிறது. டெமிர்ஜியன் குழு 1973-ல் வகுத்த பல் வளர்ச்சிப் படிநிலைகளின்படி பார்த்தால் 13 முதல் 16 வயது வரை என்று சொல்லலாம். மூவருமே இதற்குள் அடங்குகிறார்கள். ஆக, வயதால் யாரையும் விலக்க முடியவில்லை.

இங்கே ஒரு சுழல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பற்கள் பொதுவாகச் சற்று முன்னதாக வளர்கின்றன, கோரைப்பல்லில் அந்த இடைவெளி இன்னும் அதிகம். ஞானப்பல்லில் மட்டும் பல ஆய்வுகளில் ஆண்கள் கொஞ்சம் முந்துகிறார்கள். அதனால் வயதுக்கான அட்டவணைகள் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தனித்தனியாக உள்ளன. பாலினம் தெரியாமல் வயதைக் குறுக்க முடியாது. இரண்டு அட்டவணைகளையும் பார்த்து, இரண்டின் எல்லைகளையும் சேர்த்து அகலமான வயது வரம்பு எழுதுவதே நேர்மை. கோரைப்பல் பெரிதாக இருக்கிறதே என்று ஆண் அட்டவணையை மட்டும் எடுத்து வயதைக் குறுக்கி, அப்புறம் அந்த வயது பையனுக்குப் பொருந்துகிறது என்று அதையே சான்றாக்கினால் ஒரே ஊகத்தை இருமுறை எண்ணியதாகிவிடும்.

அளப்பது

டிஜிட்டல் காலிப்பரின் திரை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை காட்டும். அந்த இரண்டாம் தசம இலக்கத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. கருவி அவ்வளவு நுட்பமாக அளக்கலாம், கருவியின் முனைகளைப் பல்லின்மேல் வைக்கும் விரல்களுக்கு அந்த நுட்பம் வராது. கோரைப்பல்லின் பக்கவாட்டு அகலம் என்பது, அருகிலுள்ள பற்களைத் தொடும் இரு புறங்களுக்கும் இடையிலுள்ள மிகப் பெரிய தூரம். காலிப்பரைச் சற்றுச் சாய்த்தால் போதும், எண் மாறும். ஒரே பல்லை இருவர் அளந்தால் 0.1, 0.2 மில்லிமீட்டர் வேறுபடுவது சாதாரணம். ஆண், பெண் சராசரிகளுக்கு இடையிலான தூரமே அரை மில்லிமீட்டருக்கு உட்பட்டது என்பதை நினைவில் வைத்தால் இந்த 0.2 எவ்வளவு பெரியது என்று புரியும்.

அதனால் ஒருவர் இடைவெளி விட்டு இருமுறை, முந்தைய எண்ணைப் பார்க்காமல் அளக்க வேண்டும். இன்னொருவர் தனியாக அளக்க வேண்டும். பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று அளப்பவருக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதிகாரி "பொண்ணா இருக்கும்னு நினைக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போன பிறகு காலிப்பர் எந்தப் பக்கம் சாயும் என்பது மனித இயல்பு.

நம் தாடையில் இடது கோரைப்பல் 7.4 மி.மீ., வலது 7.2 மி.மீ. வருகிறது. இரு பக்கப் பற்களும் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். ஆகவே 0.2 வித்தியாசத்துக்குக் காரணம் தேட வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்தால் இடது பல்லில் நெடுக்காக ஒரு வெடிப்பு. நனைந்து கிடந்த பல் வெளியே வந்து வேகமாக உலரும்போது டென்டின் சுருங்கும், எனாமல் பிளக்கும். பிளவின் இடைவெளி அகலத்தோடு சேர்ந்து எண்ணாகிவிடுகிறது. இடது அளவை ஒதுக்கிவிட்டு, ஒதுக்கிய காரணத்தையும் குறிப்பில் எழுதிவிட்டு, 7.2 என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து 7.3 என்று எழுதுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் தவறு.

தேய்மானமும் பார்க்க வேண்டும். வயதாக ஆகப் பற்கள் ஒன்றோடொன்று உரசும் பக்கங்கள் தேய்ந்து அகலம் குறையும். இந்த வயதில் அது பொருட்டில்லை. முதியவரின் பல்லாக இருந்தால் முடிப்பகுதியை விட்டுவிட்டு, எனாமலும் வேரும் சந்திக்கும் கழுத்துப் பகுதியை அளப்பது மேல். நெருப்பில் வெந்த பல்லில் எனாமல் தெறித்துவிடும், டென்டின் சுருங்கிவிடும். அங்கே இந்த அளவீட்டுக்கே இடமில்லை.

முதல் கடைவாய்ப்பல்லையும் அளந்தோம். அதன் அளவு ஆண், பெண் சராசரிகளுக்கு ஏறக்குறைய நடுவில் விழுந்தது. எந்தப் பக்கமும் சாயாத எண்ணாக இருந்தாலும் அதையும் எழுதி வைக்க வேண்டும்.

7.2 மில்லிமீட்டர் என்ன சொல்கிறது

இந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். கணக்குக்காக, ஒப்பீட்டு மக்கள் குழுவில் கீழ்க் கோரைப்பல்லின் சராசரி அகலம் ஆண்களுக்கு 7.0 மி.மீ., பெண்களுக்கு 6.6 மி.மீ., இருவருக்கும் திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 0.4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத வேறுபாடு, நடைமுறையில் காணும் அளவுகளை ஒட்டிய எண்கள்.

நடுவே 6.8-ல் கோடு போடுவோம். அதற்கு மேல் ஆண், கீழே பெண். இரு சராசரிகளுக்கும் இடைவெளி ஒரே ஒரு திட்ட விலக்கம்தான் என்பதால், இந்தக் கோடு நூற்றில் 69 பேரைச் சரியாகப் பிரிக்கும். 31 பேரைத் தவறாகச் சொல்லும். நாணயம் சுண்டினாலே 50 சரியாக வரும் என்பதை மறக்க வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே சராசரியில் தெளிவான வேறுபாடு உண்டு என்று நிரூபிப்பது வேறு, கையில் இருக்கும் ஒரு பல் யாருடையது என்று சொல்வது வேறு. ஆயிரம் பேரை அளந்தால் முதலாவது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். இரண்டாவது அதனால் ஒரு துளியும் எளிதாகாது. பல ஆய்வுக் கட்டுரைகள் முதலாவதை நிறுவிவிட்டு இரண்டாவதையும் நிறுவிவிட்டதுபோல் முடிவுரை எழுதுகின்றன. படிக்கும்போது எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் அது.

நம்முடைய பல் 7.2. கோட்டுக்கு மேலே, ஆண் சராசரியையும் தாண்டி. "ஆண்" என்று சொல்லிவிடத் தோன்றும். சரி, எண்ணாகப் பார்ப்போம். இரு குழுக்களும் மணிவடிவப் பரவலில் இருப்பதாகக் கொண்டால், 7.2 என்ற அளவு பெண்ணிடம் வருவதைவிட ஆணிடம் வருவதற்கான வாய்ப்பு 2.7 மடங்கு. முன்கூட்டி இரு பக்கமும் சமவாய்ப்பு என்றால் ஆணாக இருக்க 73 சதவீதம், பெண்ணாக இருக்க 27 சதவீதம். இந்தக் குழுவின் பெண்களில் ஏறத்தாழ 15 பேரில் ஒருவருக்கு 7.2 அல்லது அதற்கு மேல் அகலம் இருக்கும். அது அபூர்வம் ஒன்றும் இல்லை. ஒரு வகுப்பறையில் இரண்டு பேர் இருக்கலாம்.

அளவில் பிழை இருந்து உண்மை 7.0 என்றால்? ஆணுக்கான வாய்ப்பு 62 சதவீதமாக இறங்குகிறது. 0.2 மில்லிமீட்டருக்கு 11 புள்ளிகள்.

இன்னொன்று, ஒப்பீட்டுக் குழு. பற்களின் அளவு மக்களினங்களுக்கு இடையே நன்றாகவே மாறுகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் பற்கள் உலகிலேயே மிகப் பெரியவற்றில் சேரும். பெரிய பல் கொண்ட ஒரு குழுவில் சராசரிகள் 7.3, 6.9 என்று இருந்தால் அதே 7.2 வெறும் 56 சதவீதம் ஆண் என்று சொல்லும். சிறிய பல் கொண்ட குழுவில் 6.8, 6.4 என்றால் 82 சதவீதம். பல் மாறவில்லை, அட்டவணைதான் மாறியது. எந்த அட்டவணையைப் பயன்படுத்தினோம், அது யாரை அளந்து உருவானது என்று எழுதாத அறிக்கையில் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

அப்புறம் பட்டியலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூவரில் ஒருவன்தான் பையன். தாடை இந்த மூவரில் ஒருவருடையது என்று வைத்தால், அளப்பதற்கு முன்பே வாய்ப்பு ஒன்றுக்கு இரண்டு என்று பெண் பக்கம் நிற்கிறது. அதோடு 2.7-ஐப் பெருக்கினால் ஆணுக்கான வாய்ப்பு 58 சதவீதம். ஆண் சராசரியைத் தாண்டிய பல்லை வைத்துக்கொண்டு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தாடை இந்த மூவருக்கும் அப்பாற்பட்ட நான்காம் நபருடையதாகவும் இருக்கலாம், அந்த வாய்ப்பு தனி.

இடது பல்லில் வெடிப்பு இல்லாமல் அதுவும் 7.2 என்று வந்திருந்தால், 2.7-ஐ 2.7-ஆல் பெருக்கி ஏழு மடங்கு என்று சொல்லலாமா? பயிற்சியில் பலரும் செய்யும் பெருக்கல் இது. கூடாது. இடதும் வலதும் ஒரே மரபணுக் கட்டளையில் உருவான இணை; ஒன்றைத் தெரிந்தால் மற்றது கிட்டத்தட்டத் தெரிந்த மாதிரி. இரண்டாம் பல் தருவது புதுத் தகவல் அல்ல, முதல் அளவு சரியா என்ற உறுதி மட்டும். வெவ்வேறு பற்களைச் சேர்த்து அளக்கும் பன்மாறிச் சூத்திரங்கள் உண்மையில் துல்லியத்தைக் கூட்டுகின்றன. ஆனால் அவை பற்களுக்கு இடையிலான தொடர்பைக் கணக்கில் கொண்டு, அதே மக்கள் குழுவில் உருவாக்கப்பட்டு, அதை உருவாக்கப் பயன்படாத வேறு ஆட்களிடம் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். உருவாக்கிய அதே ஆட்களிடமே சோதித்தால் எந்தச் சூத்திரமும் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும்.

குறியீடு எதிர்ப்பக்கம் நின்றது

கோரைப்பல் அகலத்தை, இரு கோரைப்பல் முனைகளுக்கும் இடையிலான தூரத்தால் வகுத்தால் வருவது கீழ்த்தாடைக் கோரைப்பல் குறியீடு. 1989-ல் என்.ஜி. ராவ் குழுவினர் இந்தியாவில் இதை முன்வைத்தார்கள். 0.274 என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் ஆண், கீழே பெண். 85 சதவீதத்தை ஒட்டிய துல்லியம் சொல்லப்பட்டது. ஒரு காலிப்பர், இரண்டு அளவு, ஒரு வகுத்தல், முடிவு கையில். வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. இன்றும் எத்தனையோ மாணவர்கள் தம் முதல் ஆய்வாக இதைத்தான் எடுக்கிறார்கள்.

நம் தாடையில் கோரைப்பல் முனைகளுக்கு இடையே 27.0 மி.மீ. 7.2-ஐ 27.0-ஆல் வகுத்தால் 0.267. எல்லைக்குக் கீழே. குறியீட்டின்படி இது பெண்!

அகலம் ஆண் பக்கம், அதே அகலத்திலிருந்து பிறந்த குறியீடு பெண் பக்கம். எதை நம்புவது?

குறியீட்டின் அமைப்பிலேயே ஒரு குறை இருக்கிறது. ஆணுக்குப் பல் பெரியது, பல் வளைவும் பெரியது. இரண்டும் ஒரே விகிதத்தில் பெரிதானால், ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது நாம் தேடிய வேறுபாடே அடிபட்டுப் போகும். ஆண்: 7.0-ஐ 26.0-ஆல் வகுத்தால் 0.269. பெண்: 6.6-ஐ 24.5-ஆல் வகுத்தால் அதுவும் 0.269. அகலத்தில் இருந்த 6 சதவீத வேறுபாடு விகிதத்தில் பூஜ்யம். உடல் பெரியதா சிறியதா என்பதை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் ஒப்பிட விகிதம் நல்ல கருவி. இங்கே அளவுதான் சான்று, அதையே நீக்கிவிடுகிறோம். போதாததற்குப் பல் நெருக்கமும் இடைவெளியும் அந்த முனைத் தூரத்தை மாற்றும். அதற்கும் பாலினத்துக்கும் தொடர்பில்லை.

2009-ல் ஆசித் ஆச்சார்யாவும் மைனாலியும் நேபாள மக்களிடம் குறியீட்டைச் சோதித்து இதே காரணத்தைச் சுட்டிக்காட்டினார்கள்: விகிதமாக மாறியதும் நேரடி அளவுகளில் இருக்கும் ஆண், பெண் வேறுபாடு அதில் வெளிப்படுவதில்லை. 2011-ல் இந்தியர்களிடமும் மறுசோதனை நடந்தது, குறியீட்டுக்கு அது ஆதரவாக அமையவில்லை. இருந்தும் அது பாடநூல்களில் தொடர்கிறது. எளிதான முறைகளுக்கு ஆயுள் அதிகம்.

ஆகவே அறிக்கையில் குறியீட்டின் எண்ணைப் பதிவு செய்கிறோம், அதிலிருந்து முடிவு எடுப்பதில்லை.

பல்லின் உள்ளே

அடுத்தது டி.என்.ஏ. பல்லை வெட்டுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படங்கள், எக்ஸ்ரே, அச்செடுத்த வார்ப்பு, எல்லா அளவுகளும் முடிந்திருக்க வேண்டும். வெட்டிய பிறகு திரும்ப அளக்க முடியாது. நிரப்புதல் உள்ள பல்லையோ, பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட உதவும் பல்லையோ வெட்டக் கூடாது. சொத்தையில்லாத, முடிந்தால் பல வேர் கொண்ட பல் நல்லது. நம் நிகழ்வில் வலது இரண்டாம் கடைவாய்ப்பல்லைத் தேர்ந்தோம்.

எனாமலை உருவாக்கும் அமெலோஜெனின் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமிலும் இருக்கிறது, ஒய் குரோமோசோமிலும் இருக்கிறது, சிறு நீள வேறுபாட்டோடு. சல்லிவன் குழு 1993-ல் வகுத்த சோதனையில் எக்ஸ் துண்டின் நீளம் 106 டி.என்.ஏ. கார இணைகள், ஒய் துண்டு 112. சோதனை வரைபடத்தில் பெண்ணுக்கு ஒரே உச்சம், ஆணுக்கு இரண்டு உச்சங்கள்.

நம் தாடையில் ஒரே உச்சம். எக்ஸ் மட்டும்.

இதோடும் நிறுத்தக் கூடாது. சில ஆண்களுக்கு ஒய் குரோமோசோமில் அமெலோஜெனின் பகுதி மட்டும் விடுபட்டிருக்கும். அவர்கள் இந்தச் சோதனையில் பெண்ணாகத் தெரிவார்கள். 2002-ல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் இந்திய ஆண்கள் 270 பேரைச் சோதித்தபோது 5 பேரிடம் இதைக் கண்டார்கள். சிதைந்த மாதிரியில் நீளமான துண்டு பெருகாமல் தவறவும் வாய்ப்பு உண்டு. அதனால் ஒய் குரோமோசோமின் வேறு இடங்களையும் சோதித்தோம். எங்கும் ஒய் இல்லை, மற்ற குரோமோசோம்களின் குறிகள் நன்றாக வந்தன. பெண் பிள்ளை.

15 பேரில் ஒருவர் என்று சொன்னோமே, அந்த ஒருவர்.

குறியீடு சரியாகச் சொல்லிவிட்டதே என்று இங்கே யாராவது கேட்பார்கள். சொன்னது சரிதான். இந்தப் பிள்ளையின் பல் வளைவு அகலமானது, அதனால் வகுக்கும் எண் பெரிதாகி விடை கோட்டுக்குக் கீழே இறங்கியது. அகல வளைவு பெண்மையின் அடையாளம் அல்ல. சொல்லப்போனால் சராசரியில் அது ஆண் பக்கத்துப் பண்பு. தவறான வழியில் வந்த சரியான விடை. ஒரு நிகழ்வில் பலித்ததை வைத்து முறையை மீட்டெடுக்க முடியாது, அகலம் பலிக்காததை வைத்து அதைக் கைவிடவும் முடியாது. 73 சதவீதம் என்று சொன்ன ஒன்று நான்கில் ஒருமுறை தவறத்தான் செய்யும். தவறாவிட்டால்தான் கணக்கு பொய்.

பெண் என்று தெரிந்ததும் பெயர் வந்துவிடவில்லை, இரண்டு பெயர்கள் மிச்சம். 14 வயதுப் பிள்ளை பல் சீரமைப்புக்காக முன்பு எடுத்த முழுத்தாடை எக்ஸ்ரே அவளுடைய பல் மருத்துவரிடம் இருந்தது. முதல் கடைவாய்ப்பல்லில் உள்ள நிரப்புதலின் வெளிக்கோடு, வேர்களின் வளைவு, ஞானப்பல் முளையின் சாய்வு எல்லாம் பொருந்தின. தாயின் டி.என்.ஏ.வோடும் ஒப்பீடு பொருந்தியது. பேரழிவுகளில் இறந்தோரை அடையாளம் காண இன்டர்போல் முதன்மைச் சான்றுகளாக ஏற்பவை மூன்று: கைரேகை, பல் ஒப்பீடு, டி.என்.ஏ. பல் ஒப்பீடு என்றால் இறப்பதற்கு முந்தைய பதிவோடு ஒப்பிடுவது. பல்லை அளந்து பாலினம் சொல்வது அதற்குள் வராது.

முதல் அறிக்கையில் என்ன எழுதுவது

டி.என்.ஏ. முடிவு வர வாரங்கள் ஆகலாம். காவல்துறை அதுவரை காத்திருக்காது. அளவெடுத்த அன்றே ஏதாவது சொல்லச் சொல்வார்கள். "கோரைப்பல் அளவின்படி ஆண்" என்று மூன்று சொல்லில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பையனின் வீட்டுக்கு ஆள் போயிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளின் கோப்புகளும் ஓரமாகப் போயிருக்கும். தாயிடம் டி.என்.ஏ. மாதிரி கேட்டிருக்க மாட்டார்கள், பல் மருத்துவரிடம் எக்ஸ்ரே தேடியிருக்க மாட்டார்கள். பையனின் பெற்றோர் ஒரு துக்கத்தைக் காரணமில்லாமல் சுமந்திருப்பார்கள். பிள்ளை எங்கே என்று தெரியாமல் இருக்கும் வீட்டில் ஒவ்வொரு நாளும் எப்படி விடிகிறது என்று நினைத்துப் பார்த்தால், அந்த மூன்று சொற்களை எழுதக் கை வராது.

நாங்கள் பயிற்சியில் எழுதச் சொல்லும் வாசகம் இப்படி இருக்கும்: "வலது கீழ்க் கோரைப்பல்லின் அகலம் 7.2 மி.மீ.; இரு அளவையாளர்களுக்கு இடையே வேறுபாடு இவ்வளவு. இன்ன மக்கள் குழுவின் அட்டவணைப்படி, இந்த அளவு பெண்ணிடம் காணப்படுவதைவிட ஆணிடம் காணப்படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு. இது பலவீனமான சான்று. இதன் அடிப்படையில் பட்டியலிலுள்ள எவரையும் விலக்கக் கூடாது." கடைசி வரியைத் தடித்த எழுத்தில் இட்டாலும் தவறில்லை.

அப்படியானால் அளப்பது எதற்கு? டி.என்.ஏ. எப்போதும் கிடைப்பதில்லை. ஈரமும் வெப்பமும் அதை அழிக்கும், ஆய்வக வசதியும் எல்லா இடத்திலும் இருக்காது. பலருடைய எலும்புகள் கலந்து கிடக்கும்போது எந்தப் பல் எந்தத் தாடைக்கு உரியது என்று பிரிக்க அளவுகள் உதவுகின்றன. பெயர்கள் நூறு இருக்கும்போது யாருடைய பதிவுகளை முதலில் வரவழைப்பது என்ற வரிசையைத் தீர்மானிக்க 2.7 மடங்கும் உதவும். வரிசையில் முன்பின் மாற்றலாம், வரிசையை விட்டு வெளியேற்றத்தான் கூடாது.

டி.என்.ஏ. சிதைந்த இடத்தில் இப்போது வேறொரு வழியும் வந்திருக்கிறது. 2017-ல் ஸ்டீவர்ட் குழு, எனாமலின் மேற்பரப்பை அமிலத்தால் லேசாகக் கரைத்து, அதிலிருந்து வரும் அமெலோஜெனின் புரதத் துணுக்குகளை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறை அளவியால் படித்துப் பாலினம் சொல்லும் முறையை வெளியிட்டது. ஒய் வடிவத் துணுக்கு தெரிந்தால் ஆண். டி.என்.ஏ. அழிந்த பிறகும் எனாமலுக்குள் புரதம் தாக்குப்பிடிக்கும், குழந்தைகளின் பல்லிலும் இது வேலை செய்யும். இத்தாலியின் மொடேனாவில் 2009-ல் கைகோத்த நிலையில் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகளை ஆணும் பெண்ணுமாகத்தான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமை, டி.என்.ஏ. உதவவில்லை. எனாமல் புரதத்தைப் படித்து 2019-ல் இருவரும் ஆண்கள் என்று சொன்னார்கள். ஒய் துணுக்கு தெரியாவிட்டால் மட்டும் கவனம் வேண்டும்: அது உண்மையில் இல்லாததாலா, அளவு மிகக் குறைவு என்பதாலா என்று எக்ஸ் துணுக்கின் அளவோடு ஒப்பிட்டே பெண் என்று முடிவு செய்ய முடியும். அமெலோஜெனின் ஒய் விடுபட்ட ஆண்கள் இங்கேயும் பெண்ணாகத் தெரிவார்கள்.

அளவீட்டு முறையைப் பயன்படுத்தப் போகும் ஒவ்வோர் ஆய்வகமும் செய்யக்கூடிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. பல் சீரமைப்பு மருத்துவமனைகளில் பாலினமும் வயதும் பிறப்பிடமும் தெரிந்த பல் வார்ப்புகள் அடுக்கடுக்காக இருக்கும். சில ஆண்டுகளில் இடமில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். உரிய ஒப்புதலோடு, பெயர் நீக்கி, அவற்றை அளந்து வைத்தால் அந்த வட்டாரத்துக்கான அட்டவணை கிடைக்கும். சீரமைப்புக்கு வருபவர்களிடம் பல் நெருக்கம் அதிகம், பெரிய பல் கொண்டவர்கள் கூடுதலாக வரலாம். ஆகவே பள்ளிப் பல் பரிசோதனை முகாம்களின் அளவுகளையும் சேர்க்க வேண்டும். ஆண், பெண் சராசரிகளை மட்டும் வெளியிடாமல் திட்ட விலக்கத்தையும், ஒவ்வோர் ஆளின் அளவையும், அளவையாளரின் பிழையையும் சேர்த்து வெளியிட்டால்தான் இன்னொருவர் தம் கையிலிருக்கும் பல்லுக்கு இந்தக் கணக்கைப் போட முடியும்.